மொடலர் வாங்கியாயிற்று, சத்தத்துக்கு என்ன வழி?



அறுகம்பேயில் சுற்றுலா சீசன் நெருங்கினால் நமது கரையோரத்துக் கிற்றார்காரப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: “சேர், மொடலர் ஒன்று எடுத்தன். அதுக்கு எந்த அம்ப் வாங்குற?” கிற்றார் மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற வழக்கு இந்தப் பக்கத்தில் தீராது, அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், தேவையில்லாத இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள். என் கவலை அதுதான்.

நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்குக் கிற்றார் என்றால் மரப்பெட்டிக் கிற்றார், அதன் முன் ஒரு மைக். மின்கிற்றாருக்கு அம்ப் வேண்டும், அம்ப்புக்குப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். இதற்கு மாற்றாக 1998இல் லைன் 6 நிறுவனம் ‘பொட்’ என்ற கைக்கடக்கமான மொடலர் பெட்டியைக் கொண்டுவந்தது. 2011இல் ஜெர்மனியின் கெம்பர் நிறுவனத்துப் பெட்டி வந்தது. இன்று சட்டைப்பையில் போடுகிற அளவிலும் மொடலர் கிடைக்கிறது. அம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன் வைத்த மைக் ஆகிய மூன்றின் ஓசையையும் இது கணக்குப் போட்டே உண்டாக்கிவிடுகிறது.

ஆகவே, தம்பிமாரே, நீங்கள் அம்ப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். அதைக் கொண்டுபோய் இன்னொரு கிற்றார் அம்ப்பின் முன்வாயில் சொருகுவது, இறக்கிய கறியில் மறுபடி உப்பும் தூளும் போடுகிற வேலை. கிற்றாருக்கென்று செய்த ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையை வெட்டிவிடும். மொடலரும் அதே வெட்டைப் போட்டிருக்கும். வெட்டு இரண்டு தரம் விழுந்தால் ஓசை மந்தமாகிப் போகும். கையில் பழைய அம்ப் இருந்தால் அதன் பின்புறத்து ‘ரிட்டர்ன்’ துளையில் மாட்டுங்கள், மொடலரில் ‘கெப்’ (ஸ்பீக்கர் பெட்டி) என்றிருப்பதை அணைத்துவிடுங்கள். புதிதாக வாங்குபவருக்கு வேண்டியது, வந்ததை வந்தபடி சொல்லும் ஸ்பீக்கர். கடைக்காரர் எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்பார். அந்தப் பெயருக்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், மேடைகளில் வைக்கும் நல்ல பி.ஏ. ஸ்பீக்கர் ஒன்றும் அதே வேலையைச் செய்யும்.

வீட்டுக்கு என்ன? கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அடுத்த வீட்டில் பிள்ளை தூங்கும், வாப்பா ஓதிக்கொண்டிருப்பார். முதல் செலவு நல்ல ஹெட்போன் ஒன்றாக இருக்கட்டும். பிறகு கையில் காசு சேர்ந்தால் 5 அங்குல ஸ்டூடியோ மொனிட்டர் ஒரு சோடி. அவற்றைக் காது உயரத்தில், சுவரின் மூலையை விட்டுத் தள்ளி வையுங்கள்; மூலையில் வைத்தால் பேஸ் ஊதும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் வாசிக்க முயல வேண்டாம். தந்தியைத் தட்டி, பல வேளை பத்தில் ஒரு செக்கனுக்கும் மேல் பிந்தித்தான் சத்தம் வரும். தாளம் கையை விட்டுப் போய்விடும்.

அடுத்தது மேடை. பலர் சறுக்குவது இங்கேதான். வீட்டில் மெல்லிய சத்தத்தில் வைத்துத் தித்திப்பாக்கிய ஓசை, அறுகம்பே மேடையில் ‘கும்’மென்று குழம்புகிறது. பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சத்தம் குறைந்தால் நம் காதுக்குப் பேஸ் சரியாக எட்டாது என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் அந்தக் குறையை நிரப்பப் பேஸை ஏற்றியிருப்பீர்கள். மேடையில் அது மிஞ்சிவிடும். மேடைக்கென்று தனி ப்ரீசெட் வைத்திருங்கள். அதை மேடைச் சத்தத்திலேயே, மற்றவர்களும் சேர்ந்து வாசிக்கும்போது அமையுங்கள்.

ஸ்பீக்கர் பெட்டியில் 2,000 வாட் என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் ஒரு கணத்து உச்ச அளவு, அதைப் பார்த்து மயங்காதீர்கள். வாட் இரண்டு மடங்கானால் ஓசை 3 டெசிபல் மட்டுமே கூடும். மண்டபத்துச் சத்தம் எப்படியும் சவுண்ட்காரர் கையில்தான். மொடலரிலிருந்து ஒரு வயர் அவருடைய மிக்ஸருக்கு, இன்னொன்று உங்கள் காலடியில் சாய்த்து வைத்த 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கருக்கு. உங்களுக்குக் கேட்கவில்லை என்று காலடிச் சத்தத்தைக் கூட்டும்போது மண்டபத்துக்குப் போவதும் சேர்ந்து கூடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி வொல்யூம் வைக்க உங்கள் மொடலரில் வசதி உண்டா என்று பாருங்கள். மிக்ஸர் வயரை மாட்டுமுன், அது போகும் சனலின் 48 வோல்ட் ஃபெண்டம் பவரை அணைக்கும்படி சவுண்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவரோடு நல்லபடி பேசிக்கொள்வது எந்த ஸ்பீக்கரை விடவும் பெரிய முதலீடு என்பது என் எண்ணம்.

ஜெனரேட்டரில் ஓடும் கடற்கரை மேடைகளில் ஓர் இரைச்சல் வரும். அதற்காக ப்ளக்கின் எர்த் பின்னைக் கழற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உயிரோடு விளையாடாதீர்கள். மொடலரில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்றொரு சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். பல வேளை அதிலேயே அடங்கிவிடும். உப்புக்காற்று வயரின் முனையைக் கறுக்க வைக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சுருட்டுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டில் மட்டும் வாசிப்பவர் ஹெட்போனோடு நிற்கலாம். மாதத்துக்கொரு மேடை கிடைப்பவரும் ஸ்பீக்கர் வாங்க அவசரப்பட வேண்டாம், சவுண்ட்காரரின் மேடை மொனிட்டரே போதும். சீசன் முழுக்க வாசிக்கப் போகிறவர் மட்டும் சொந்தமாக ஒன்று வாங்கட்டும். வாங்கப் போகும்போது உங்கள் கிற்றாரையும் மொடலரையும் கையோடு கொண்டுபோங்கள். மாட்டிக் கேட்க விடாத கடையில் வாங்காதீர்கள்.