வீட்டுக் கணக்கு: ஹெச்.டி சேனலுக்குக் கூடுதல் காசு... கட்டலாமா, வேண்டாமா?

"ஏப்பா, மூஞ்சியெல்லாம் மசமசன்னு தெரியுது. யாரு அழுவுறா, யாரு சிரிக்கிறான்னே புரிய மாட்டேங்குது."

மதுரையில் ஒரு வீடு. சாயங்காலம் சீரியல் ஆரம்பித்துவிட்டால் ராத்திரி பத்து மணி வரை ரிமோட் அப்பத்தா கையில்தான். அவர் இப்படிச் சொன்ன அன்றே மகன் செல்போனில் டி.டி.ஹெச் ஆப்பைத் திறந்தார். சாதாரண பேக்கை எடுத்துவிட்டு, ஹெச்.டி பேக்கைப் போட்டார். மாதம் 60 ரூபாய் கூடுதல், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. "இனிமே பளிச்சுன்னு தெரியும்மா" என்றார். அம்மாவும் தலையாட்டினார்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் மாதச் செலவை எழுதிக்கொண்டிருந்த மருமகள் கேட்டார். "அத்தே, உண்மையச் சொல்லுங்க. ஹெச்.டி போட்டதுக்கு அப்புறம் ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" அப்பத்தா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "அவன் காசு கட்டியிருக்கானேன்னுதான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு."

அப்படியானால் எட்டு மாதம் கட்டிய பணம்? இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மடங்கு என்பது உண்மைதான்

டிவி படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் கூட்டம். எஸ்.டி எனப்படும் சாதாரண ஒளிபரப்பில் அகலவாக்கில் 720, உயரவாக்கில் 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. முழு ஹெச்.டி என்றால் 1,920-க்கு 1,080. பெருக்கினால் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. புடவையின் ஜரிகை, கிரிக்கெட் பந்தின் தையல், ஸ்கோர் பட்டையில் இருக்கும் பொடி எழுத்து எல்லாம் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால், அந்த ஐந்து மடங்கும் ஸ்டூடியோவில் கிளம்பி உங்கள் கண்ணுக்கு வந்து சேர வேண்டுமே! வழியில் செட் டாப் பாக்ஸ், வயர், டிவி, உட்காரும் தூரம், கடைசியாகக் கண் என்று ஐந்து வாசல்கள் இருக்கின்றன. ஒரு வாசல் மூடியிருந்தாலும், கட்டிய காசு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள்

அந்த வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பேத்தி டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பாக்ஸிலிருந்து டிவிக்குப் போனது சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை கொண்ட பழைய ஏ.வி வயர்.

அங்கேதான் முதல் கோளாறு. மஞ்சள் முனை வழியாகச் செல்வது சாதாரண தரப் படம் மட்டுமே. பாக்ஸ் ஹெச்.டி-யாக இருக்கலாம், டிவி ஹெச்.டி-யாக இருக்கலாம், பேக்கும் ஹெச்.டி-யாக இருக்கலாம். இடையில் இந்த வயர் இருந்தால் திரையில் வருவது எஸ்.டி படம்தான். எட்டு மாதமும் அந்த வீட்டில் ஹெச்.டி-க்குக் காசு கட்டி எஸ்.டி-யைத்தான் பார்த்திருக்கிறார்கள்!

தேவை, தட்டையான முனை கொண்ட ஹெச்.டி.எம்.ஐ வயர். ஓரிரு மீட்டர் நீளத்துக்குச் சாதாரண விலை வயரே போதும். தங்க முலாம் பூசியது என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் ஏமாற வேண்டாம். டிஜிட்டல் சிக்னல் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால், விலை கூடிய வயரில் படம் மேலும் அழகாகிவிடாது.

வயரை மாற்றியதும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாக்ஸின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் 576 என்று இருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். ஆட்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் குண்டாகத் தெரிந்தால், திரை அளவு செட்டிங் தவறாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும், காசு வேண்டாம்.

பழைய எஸ்.டி பாக்ஸே இன்னும் இருக்கிறது என்றால், ஹெச்.டி சேனல் அதில் வரவே வராது. பாக்ஸை மாற்ற வேண்டும். மொட்டைமாடியில் இருக்கும் டிஷ்ஷைப் பொதுவாக மாற்றத் தேவையில்லை.

டிவி எவ்வளவு பெரிசு? நீங்கள் எவ்வளவு தூரம்?

விற்பனைக்கு வரும் 32 இன்ச் டிவிகளில் பல 'ஹெச்.டி ரெடி' வகை. அவற்றின் திரையில் இருப்பது 1,366-க்கு 768 புள்ளிகள். அதாவது முழு ஹெச்.டி-யில் ஏறக்குறையப் பாதி. படம் எஸ்.டி-யைவிட நன்றாகவே இருக்கும். ஆனால், ஐந்து மடங்கு என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது தூரம். பார்வை நன்றாக இருப்பவருக்கும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 32 இன்ச் டிவியைப் பத்து, பதினோரு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் எஸ்.டி-க்கும் ஹெச்.டி-க்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். அதையே ஆறடியில் பார்த்தால் தெரியும். 43 இன்ச் டிவியில் எட்டடி வரை நன்றாகத் தெரியும். 55 இன்ச் என்றால் கேட்கவே வேண்டாம். பத்தடியிலிருந்து பார்த்தாலும் சாதாரண சேனலின் படம் கலங்கலாகத்தான் இருக்கும். சின்ன டிவி இருந்தவரை எஸ்.டி-யில் திருப்தியாக இருந்தவர்கள், பெரிய டிவி வாங்கியதும் "படம் சரியில்லையே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். டிவியில் குறை இல்லை. சின்னக் கோலத்தைப் பெரிய வாசலில் இழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

பார்ப்பது என்ன?

கிரிக்கெட், கால்பந்து, விலங்குகள் பற்றிய படங்கள், புதிய சினிமா ஆகியவற்றுக்கு ஹெச்.டி கொடுக்கும் சுகமே தனி. செய்தி விவாதத்துக்கு? நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவது எந்தத் தரத்திலும் ஒரே மாதிரிதான் கேட்கும். சமைத்துக்கொண்டே காதால் 'பார்க்கும்' சீரியலுக்கும் அது தேவையில்லை.

பழைய படங்களில் ஒரு விசேஷம் உண்டு. சினிமா பிலிமில் ஹெச்.டி-யைவிடக் கூடுதலான நுணுக்கம் பதிவாகியிருக்கும். அந்த பிலிமை மறுபடி ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தினால் பழைய படமும் ஜொலிக்கும். 1964-ல் வந்த 'கர்ணன்', டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தது இப்படித்தான். ஆனால், பழைய வீடியோ டேப்பில் இருப்பதை அப்படியே ஹெச்.டி சேனலில் போட்டால் படம் தேறாது. மூலத்தில் இல்லாத தெளிவை யாராலும் கொண்டுவர முடியாது.

ரூபாய்க் கணக்கு

2019-ல் டிராய் கொண்டுவந்த முறைப்படி, டிவி கட்டணத்துக்கு இரண்டு பகுதிகள். ஒன்று, இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம். இன்னொன்று, கட்டணச் சேனல்களின் விலை. முதல் பகுதிக்கு அப்போது வைத்த உச்சவரம்பு 130 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி-யோடு 153 ரூபாய் 40 காசு. 2024-ல் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தத் தொகை மாறலாம் என்பதால், உங்கள் ரசீதில் அது எவ்வளவு என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: 2019 முறையில் சேனல்களை எண்ணும்போது ஒரு ஹெச்.டி சேனல் இரண்டு எஸ்.டி சேனலாகக் கணக்கிடப்பட்டது. அதாவது, சேனல் விலை மட்டுமல்ல, எண்ணிக்கையும் ஏறும்.

இன்னொரு ஓட்டை, இரட்டைச் செலவு. ஒரே தொகுப்பில் ஒரு சேனலின் எஸ்.டி, ஹெச்.டி இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால், இரண்டு மூன்று தொகுப்புகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால் ஒன்றில் எஸ்.டி-யும் மற்றொன்றில் ஹெச்.டி-யுமாக அதே சேனல் இருக்கலாம். பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள்.

மதுரை வீட்டுக் கணக்கு இதுதான். மாதம் 60 ரூபாய், ஜி.எஸ்.டி-யோடு 70 ரூபாய் 80 காசு. வருடத்துக்கு 849 ரூபாய் 60 காசு. ஐந்து வருடத்துக்கு 4,248 ரூபாய். பார்ப்பவருக்குப் பயன்பட்டால் இது பெரிய தொகை இல்லை. பயன்படாவிட்டால் 60 ரூபாயும் தண்டம்தான்.

மொத்தப் பேக்கையும் ஹெச்.டி-யாக மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தினமும் பார்க்கும் இரண்டு மூன்று சேனல்களை மட்டும் தனியாக ஹெச்.டி-யில் எடுக்கலாம். ஐ.பி.எல் நடக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் விளையாட்டுச் சேனலைச் சேர்த்துவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம். குறைந்தபட்சம் இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நெட் இருக்கிறதே, ஆப்பிலேயே பார்த்துவிடலாமே" என்பவர்களுக்கு: வைஃபை இருக்கும் வீட்டில் அது நல்ல வழிதான். செல்போன் டேட்டாவை நம்பி என்றால் யோசியுங்கள். ஹெச்.டி-யில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 3 ஜி.பி வரை போய்விடும். கிரிக்கெட் நேரலையும் ஆப்பில் சற்றுத் தாமதமாகவே வரும். பக்கத்து வீட்டில் "சிக்ஸர்!" என்று கத்தும்போது, உங்கள் திரையில் பவுலர் ஓடி வந்துகொண்டிருப்பார்.

பேத்தி வைத்த பரீட்சை

வயரை மாற்றிய பிறகு பேத்தி ஒரு பரீட்சை வைத்தாள். ஒரே சேனலின் எஸ்.டி, ஹெச்.டி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது. எது எது என்று சொல்லமாட்டாள். பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் செய்து பார்க்க வேண்டிய பரீட்சை இது. விளம்பரமும் கடைக்காரரும் சொல்வதைவிட இது நம்பகமானது.

ஆறடியில் உட்கார்ந்த அப்பா ஐந்துக்கு ஐந்து. அடுக்களை வாசலில் நின்று பார்த்த அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பத்தா வழக்கமான சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்தார், தெரியவில்லை. நாற்காலியை மூன்றடிக்கு நகர்த்திப் போட்டார்கள். அப்போதும் தெரியவில்லை. "ரெண்டுலயும் லைட்டச் சுத்திப் புகை மாதிரி இருக்குடி" என்றார்.

அங்கேதான் எல்லோருக்கும் உறைத்தது. மங்கலாக இருந்தது டிவி இல்லை.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக வெண்மை படர்ந்து மங்குவதுதான் கண்புரை. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது, நிறங்கள் வெளிறித் தெரிவது, கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேர்வது எல்லாம் அதன் அறிகுறிகள். புரை முற்றிப் பார்வையை மறைத்தால் அறுவை சிகிச்சைதான் தீர்வு. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

வயதானவர்கள் "கண்ணு தெரியல" என்று நேராகச் சொல்வது குறைவு. "டிவி சரியில்ல", "லைட்டு பத்தல", "பேப்பர்ல எழுத்து சின்னதாப் போடுறான்" என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்டால் ரீசார்ஜ் ஆப்பைத் திறக்கும் முன், அவர்களின் கண்ணை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

அப்பத்தாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து, டாக்டர் டிவி பார்க்கலாம் என்று சொன்ன அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சீரியல் தொடங்கியது. இரண்டு நிமிடம் அமைதியாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏண்டி, இந்த மாமியாக்காரி இவ்வளவு பவுடரா அப்பியிருக்கா?"

அந்த வீட்டில் இப்போது இரண்டே இரண்டு ஹெச்.டி சேனல்கள்தான். ஒன்று மகனின் கிரிக்கெட்டுக்கு, இன்னொன்று அப்பத்தாவுக்கு. மருமகள் இந்த முறை மறுபேச்சில்லாமல் கணக்கில் எழுதிக்கொண்டார்.