அணுவுக்கும் அணுவுக்கும் முடிச்சு!

ஆஸ்திரியா நாட்டில் இன்ஸ்புருக் என்று ஒரு நகரம். ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே இருக்கிறது.

அங்கே இரண்டு கட்டிடங்கள். இரண்டுக்கும் இடையே 230 மீட்டர் தூரம். ஒரு கட்டிடத்தில் ஓர் அணு. அடுத்த கட்டிடத்தில் இன்னோர் அணு.

இந்த இரண்டு அணுக்களுக்கும் விஞ்ஞானிகள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்! கயிற்றால் அல்ல. ஒளியால் போட்ட முடிச்சு அது. 2023-ம் ஆண்டில் அந்தச் செய்தி வெளிவந்தது.

"அணுவை அணுவோடு கட்டி யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

அந்தரத்தில் ஓர் அணு

சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது. அந்தக் கால்சியத்தின் ஓர் அணுவிலிருந்து ஒரே ஓர் எலெக்ட்ரானை நீக்கினால், அணு மின்னேற்றம் பெறும். அதற்கு "அயனி" என்று பெயர்.

மின்னேற்றம் பெற்ற அணுவை மின்சாரத்தாலேயே பிடித்து வைக்கலாம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கலத்தின் நடுவே, எதையும் தொடாமல், அது அந்தரத்தில் நிற்கும். இந்தப் பொறியை உருவாக்கியவர் ஜெர்மன் விஞ்ஞானி உல்ப்காங் பால். 1989-ல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

எதிரெதிர்க் கண்ணாடிகள்

அணுவின் மீது லேசர் ஒளி பட்டால், அது ஒரு துளி ஒளியை வெளியே விடும். அந்தத் துளிதான் தூது போக வேண்டும். ஆனால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கைக்கு அகப்படாமல் போய்விடும்.

இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். முடி திருத்தும் கடையில் முன்னும் பின்னும் கண்ணாடி இருக்கும் அல்லவா? அதைப் போல, சுமார் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கண்ணாடிகளை நிறுத்தினார்கள். நடுவில் அணு!

இப்படி வைத்தால், ஒளித்துளி கண்ணாடிகள் இருக்கும் திசையிலேயே பிறக்கும் வாய்ப்பு மிகுதி. இரண்டுக்கும் நடுவே பல முறை போய் வந்து, ஒரு கண்ணாடியின் வழியாக வெளியேறும். அங்கிருந்து, தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் புகும். இரு கட்டிடங்களையும் இணைக்கும் இழையின் நீளம் 520 மீட்டர்.

இரண்டு அணுக்களின் ஒளித்துளிகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. எது எந்த அணுவிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலக்கின்றன. கருவிகள் சரியான அடையாளத்தைக் காட்டினால், முடிச்சு விழுந்துவிட்டது என்று பொருள். இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து!

முடிச்சு என்றால் என்ன?

இரண்டு காசுகளை இரண்டு ஊர்களில் சுண்டுவதாக வைத்துக்கொள்ளலாம். பூவா, தலையா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இங்கே பூ விழுந்தால் அங்கேயும் பூ. இங்கே தலை என்றால் அங்கேயும் தலை! அணுக்களின் முடிச்சு ஏறக்குறைய இப்படிப்பட்டது. இதைக் கொண்டு மட்டும் செய்தி அனுப்ப முடியாது. விழுவது பூவா, தலையா என்பது நம் கையில் இல்லையே!

இப்படி நடக்க முடியுமா என்று 1935-லேயே ஐன்ஸ்டீன் கேள்வி எழுப்பினார். அவருக்கு நம்பிக்கை இல்லை. இந்த விஞ்ஞானத்தில் ஏதோ குறை இருக்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முடிச்சு உண்மை என்று தெரிந்தது. அதற்காக ஆஸ்பெ, கிளாசர், ஸைலிங்கர் என்ற மூவருக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லாபம் என்ன?

இனி முதல் கேள்விக்கு வரலாம்.

அயனிகளைக் கொண்டு "குவாண்டம் கம்ப்யூட்டர்" செய்யலாம் என்று 1995-ல் சிராக், ஸோல்லர் என்ற இருவர் வழி சொன்னார்கள். புதிய மருந்துகளுக்கான ஆராய்ச்சியில் அது உதவும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஒரே பொறியில் அயனிகள் பெருகப் பெருக, அவற்றை அடக்கி ஆள்வது கடினம். ஒரே வண்டியில் ஊர்ச் சுமை முழுவதையும் ஏற்ற முடியுமா? பல வண்டிகள் வேண்டும். பல பொறிகளை ஒன்றாக இணைக்கத்தான் இந்த ஒளி முடிச்சு.

நாளைக்கே அதிசயம் நடந்துவிடும் என்று யாரும் ஏமாற வேண்டாம். இன்ஸ்புருக்கில் விழுந்த முடிச்சின் தரம் நூற்றுக்குச் சுமார் 88 தான். போக வேண்டிய தூரம் அதிகம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1935-ல் பிறந்த கேள்வி, 88 ஆண்டுகள் கழித்து இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே பாலமாகி நிற்கிறது. "இதனால் என்ன பயன்?" என்று அன்றே அதை மூடி வைத்திருந்தால், இந்தப் பாலம் ஏது?

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விதைத்த மறுநாளே தேங்காய் கேட்பவன் தென்னை வளர்க்க முடியாது.

பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு. வீட்டில் குழந்தை "ஏன்? எப்படி?" என்று துளைத்து எடுக்கும். "இது சோறு போடுமா?" என்று அதன் வாயை அடைத்துவிடக் கூடாது.

பதில் தெரியாவிட்டால் பாதகம் இல்லை. கேள்வி உயிரோடு இருக்கட்டும்!