பழைய மிளகாய்ச் செடியும் முந்திய காய்ப்பும்



ஐப்பசி மழை தொடங்கியதும் நம் பகுதி வீடுகளின் புறவாசலில் நிற்கும் மிளகாய்ச் செடி இலை உதிர்த்துக் காய்ப்பு ஓய்ந்துவிடும். அதன் ஆயுள் முடிந்தது என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிட்டு, தை பிறந்ததும் புதிதாக விதை தூவுகிறோம். உண்மையில் அதன் ஆயுள் முடிவதில்லை.

மிளகாய் நம் மண்ணின் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர்; மிளகின் காரமுடைய காய் என்பதாலேயே அது மிளகாய் ஆயிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்குக் 'காப்சிகம் அன்னுவம்' என்று பெயரிட்டார். 'அன்னுவம்' என்றால் ஓராண்டுச் செடி என்பது பொருள். உறைபனி விழும் நாட்டில் அது ஓராண்டுச் செடிதான். வெப்ப நாட்டிலோ பல்லாண்டுச் செடி. நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் வளரும் காந்தாரி மிளகாய் ஒரே இடத்தில் சில ஆண்டுகள் நின்று காய்ப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

குளிர்நாட்டார் இவ்வுண்மையை நன்கு பயன்படுத்துகின்றனர். கனடாவின் டொராண்டோ போன்ற நகரங்களில் மே மாதத்தில்தான் உறைபனி அச்சம் நீங்கும். அதன்பின் விதையை நம்பினால் காய்ப்பதற்குள் கோடை கழிந்துவிடும். எனவே பனி விழுமுன் செடியை வேரோடு எடுத்து, கிளைகளைக் கழித்து, தொட்டியில் வைத்து வீட்டுக்குள் உறங்க விடுகின்றனர். வேரும் தண்டும் முன்பே முதிர்ந்திருப்பதால், வசந்தத்தில் வெளியே வைத்ததும் அது விதைச் செடியை முந்திக்கொண்டு காய்க்கிறது.

நமக்குக் குளிர் பகையன்று. தேங்கும் நீரே பகை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணி பெருக்கெடுத்ததை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய பெருமழை வேண்டியதில்லை. இரண்டு நாள் நீர் தேங்கினாலே மிளகாயின் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும்.

செய்ய வேண்டியது எளிது. புரட்டாசிக் கடைசியில், மண் சற்று ஈரமாக இருக்கும்போது, செடியை வேர் மண்ணுடன் தோண்டி, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். மூன்றில் ஒரு பங்கு உயரம் நிற்கும்படி கிளைகளை வெட்டிவிடுங்கள். காலை வெளிச்சம் படும் திண்ணையிலோ தார்சாவிலோ வையுங்கள். விரல் நுனியால் தோண்டிப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். இக்காலத்தில் உரம் வேண்டாம். பொங்கல் கழிந்ததும் மேல்மண்ணை மாற்றி, மக்கிய சாணம் இட்டு, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

இதனால் ஆகும் நன்மை என்ன? தையில் தூவிய விதை நாற்றாக நாற்பது நாளுக்கு மேல் ஆகும்; நட்டபின் பறிப்புக்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். அதற்குள் சித்திரை வெயில் வந்துவிடும். கடும் வெப்பத்தில் மிளகாய்ப் பூ பிஞ்சாகாமல் உதிரும் என்பதை அனுபவத்தில் அறிவீர்கள். பழைய செடியோ மாசியிலேயே பூத்து, வெயில் முற்றுமுன் அடுப்படிக்குக் காய் தந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இலை சுருண்டு குறுகிய செடியையும், நுனி கருகிப் பழம் அழுகிய செடியையும் இரக்கப்பட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். இலைச்சுருட்டு நச்சுயிரி வெள்ளை ஈக்களால் பரவும், மருந்தால் குணமாகாது. ஒரு நோய்ச் செடி தையில் வரும் இளநாற்றுகள் அனைத்தையும் கெடுத்துவிடும். வயல் விவசாயிகள் ஆண்டுதோறும் புது நாற்று நடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இம்முறை நாலைந்து தொட்டிச் செடி உள்ள வீட்டுக்கே உரியது.

வருகிற புரட்டாசியில் செடியைப் பிடுங்குமுன் அடித்தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், அதற்குத் தார்சாவில் ஓரிடம் கொடுங்கள்.