981 என்கிற பொய்

முத்தியால்பேட்டையில் வீடு கட்டும் நண்பர் கூப்பிட்டார். "போர் போடப் போறோம். பாயின்ட் பார்க்க ஆள் வர்றார், வந்துடுங்க." போனேன். நண்பர் இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தவர் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வந்தவரிடம் இரண்டு ஆயுதங்கள். ஒன்று, குடுமியோடு ஒரு தேங்காய். இன்னொன்று, தகரப் பெட்டி. உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு குண்டு, வெளியே ஒரு முள். "கிராவிட்டி மிஷின் சார், நானே செஞ்சது. அடியில தண்ணி இருந்தா பூமியோட இழுப்பு மாறும், முள்ளு ஆடும்" என்றார். முள் ஆடியது. தேங்காயும் எழுந்து நின்றது. நண்பர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

தண்ணீர் வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு.

கேட்டதற்குப் பெட்டிக்காரர் அசரவில்லை. "தண்ணி இருக்குன்னுதானே சொன்னேன்? உப்பா இல்லையான்னு நீங்க கேக்கலையே!"

நியாயம்தான். புதுச்சேரி உட்கார்ந்திருப்பது வண்டல் மணலிலும் மணற்பாறையிலும். இங்கே அநேகமாக எங்கே துளைத்தாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் உண்டு. இந்த ஊரில் தேங்காயும் ஜெயிக்கும், குடைக்கம்பும் ஜெயிக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை அடியில்? நல்ல தண்ணீரா, கடல் உள்ளே வந்துவிட்ட தண்ணீரா? தேங்காய்க்கு அந்தப் பாடம் தெரியாது.

புவியீர்ப்பை வைத்து நிலத்தடியைத் துழாவ முடியும் என்பது பொய்யல்ல. 1924-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் நாஷ் என்ற இடத்தில், எண்ணெய் தேடியவர்கள் புதைந்து கிடந்த ஓர் உப்பு மேட்டை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கருவி, ஹங்கேரி விஞ்ஞானி ஏட்வஷ் வடிவமைத்த முறுக்குத் தராசு. ஆனால் அது பிரம்மாண்டமான மேடு. நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் தடிமன் மணலில் நாலில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருந்தால், காய்ந்த மணலைவிட ஈர்ப்பு கூடுவது கோடியில் ஒரு பங்கு. ஒரு கிலோ தேங்காயின் எடை ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஏறும். அந்தத் தேங்காயை ஓர் அடி மேலே தூக்கினாலே அவ்வளவு குறைந்துவிடும்! இதில், வெயிலில் ஸ்பிரிங் நீளுவது தனி. தகரப் பெட்டியின் முள்ளை ஆட்டியது தண்ணீர் அல்ல, பெட்டியைப் பிடித்த கை.

இது எம்.எஸ்ஸி.க்கு ஏன் தோன்றவில்லை? குற்றவாளியைத் தேடி நான் போவது பெட்டிக்காரரிடம் அல்ல, பள்ளிக்கூட லேபுக்கு.

தனி ஊசல் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, ஈர்ப்பு முடுக்கம் கண்டுபிடிப்பது. எனக்கு ஒருமுறை 965 வந்தது, இன்னொருமுறை 990. "981 வரணும்டா, இல்லேன்னா மார்க் போச்சு" என்றான் பக்கத்துப் பையன். விடையை முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து நேரத்தைக் கணக்குப் போட்டு நிரப்பினேன். முழு மார்க். நீங்களும் செய்திருப்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், 981 இந்த ஊர் எண்ணே இல்லை. அது ஏறக்குறைய பாரிஸின் எண். புதுச்சேரிக்கு 978-ஐ ஒட்டித்தான் வரும். விநாடிக்கு ஒரு வீச்சு ஆடும் பாரிஸ் ஊசலை இங்கே கொண்டுவந்தால், சுமார் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் குட்டையாக்க வேண்டும். இங்கேயே இதை அளந்த ஒருவர் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ. 1761-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டவர், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலிலேயே மாட்டிக்கொண்டார். அடுத்த முறைக்காக எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், சரியாக அந்த நேரத்தில் மேகம்! ஏதோ பார்த்ததாக எழுதியிருக்கலாம். மேகம் மறைத்தது என்றுதான் எழுதினார். இங்கே தங்கியிருந்தபோது அவர் அளந்த ஊசல் நீளத்தை, பூமியின் வடிவத்தைக் கணக்கிடும்போது லாப்லாஸ் எடுத்துக்கொண்டார். வந்ததை வந்தபடி எழுதுகிறவரின் எண்ணுக்குத்தான் அந்த மரியாதை.

நாமோ அவர் அளந்த ஊரிலேயே பாரிஸ் விடையைத் திருடி எழுதுகிறோம்.

வீட்டில் கருவி செய்வதை நான் கேலி செய்யவில்லை. எல்லாரும் செய்ய வேண்டும் என்கிறேன். ஒரு மீட்டர் நூல், ஓர் இரும்புக் குண்டு, செல்போன் ஸ்டாப்வாட்ச். லேசாக ஆட்டி 500 ஆட்டம் எண்ணுங்கள். பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய ஒன்றரை விநாடி வித்தியாசம் தெரியும். நீளத்தை அரை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்க வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு தப்பு வரலாம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியர்களே, 965 என்று நேர்மையாக எழுதி, ஏன் குறைந்தது என்று யோசிக்கும் பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள்.

போர் போடுகிறவர்கள், நாலு கம்பி நட்டு மண்ணின் மின்தடையை அளக்கும் ஜியாலஜிஸ்ட்டைக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீரை அது காட்டிக்கொடுக்கும். களிமண் சில சமயம் ஏமாற்றும். அதையும் அவரே சொல்லிவிடுவார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

லேபில் பொய் எழுதப் பழகாத பையன் நாளை வீடு கட்டும்போது, பெட்டிக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: "அண்ணே, இது எப்பல்லாம் தப்பாச் சொல்லும்?"