சிறப்புரிமை யாருக்குரியது?

வழக்கொன்றின் பொருட்டுச் சட்டத்தரணியை நாடிச் சென்ற எவரும் ஓர் உண்மையை அறிவர். அங்கு மனந்திறந்து சொன்னதைச் சட்டத்தரணி பிறரிடம் வெளியிடலாகாது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 126 ஆம் பிரிவில் இதனை விதித்துள்ளது. ஆயின், அச்சிறப்புரிமை சட்டத்தரணியின் சொத்தன்று, கட்சிக்காரரின் சொத்து. கட்சிக்காரர் இசைந்தால் அது நீங்கும். சட்டவிரோதக் கருமத்தை நிறைவேற்றும் நோக்குடன் சொல்லப்பட்டதாயின் அதற்குப் பாதுகாப்பே இல்லை.

பாராளுமன்றத்தின் சிறப்புரிமையும் இத்தகையதே என்பது எமது துணிபு. 1953 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் சபைக்கும் அதன் குழுக்களுக்கும் அதிகாரம் அளித்தது. அவ்வதிகாரம் உறுப்பினர்களின் சொத்தன்று. அவர்களை அனுப்பிய மக்களின் சொத்து. மக்கள் பணம் எங்கே போயிற்று என்று தேடுவதற்கு அது பயன்படுமாயின், அதனை நாம் மனமுவந்து வரவேற்போம். மத்திய வங்கியின் 2015 ஆம் ஆண்டுப் பிணைமுறி விவகாரத்தை ஆராய்ந்து, 2016 ஒக்டோபரில் கோப் குழு அறிக்கை சமர்ப்பித்தமை நற்பணியே. அக்குழு உண்மையைத் தேடிற்று. எவரையும் தண்டிக்க முற்படவில்லை.

உண்மையைத் தேடுவது வேறு. ஒருவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரம்பு 2012 இல் உடைக்கப்பட்டது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்ட குற்றப் பிரேரணை, அவ்வாண்டு நவம்பர் 1 ஆம் நாள் சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. அதனை விசாரித்த தெரிகுழுவின் 11 பேரில் 7 பேர் ஆளுந்தரப்பினர். போதிய அவகாசமும் நியாயமான விசாரணையும் கிடைக்கவில்லையென்று கூறி, பிரதம நீதியரசரும் அவருடைய சட்டத்தரணிகளும் டிசெம்பர் 6 ஆம் நாள் வெளிநடப்புச் செய்தனர். காலஞ்சென்ற திரு. இரா. சம்பந்தன் உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர் நால்வரும் மறுநாள் விலகினர். அதற்கு அடுத்த நாளே, மூன்று குற்றங்கள் நிரூபணமாயின என்ற அறிக்கை வெளிவந்துவிட்டது! வாய்க்கால் நீருக்காக வழக்குரைத்தவரே வட்டவிதானையாராகவும் அமர்ந்து தீர்ப்புச் சொன்னால், எந்தக் கமக்காரர் அதனை ஒப்புவார்?

“கொழும்பில் நடந்த பதவிச் சண்டை, எமக்கென்ன?” என்று கேட்போர் உளர். அது பேதைமை. பிரேரணை கையளிக்கப்பட்ட காலத்தை நோக்குமின். மாகாண சபைகளுக்குரிய விடயங்களைத் தொடும் ‘வாழ்வின் எழுச்சி’ மசோதாவை அச்சபைகளின் கருத்தறியாது நிறைவேற்றலாகாது என்று உயர் நீதிமன்றம் அப்பொழுதுதான் தீர்மானித்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையற்றிருந்த வடமாகாணத்தின் சார்பில் ஆளுநர் இசைவு தெரிவிக்க இயலாது என்பதும் நீதிமன்றத்தின் முடிபு. அவ்வழக்கின் மனுதாரர்களுள் ஒருவர் காலஞ்சென்ற திரு. மாவை சேனாதிராசா. எண்ணிக்கையில் என்றும் சிறுபான்மையாய் இருக்கவேண்டிய மக்களுக்குச் சபையில் வாக்குப் பலம் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது நீதிமன்றத்தின் வாசல் ஒன்றே. நீதியரசர் அஞ்சித் தீர்ப்பெழுதும் நாள் வருமாயின் அவ்வாசலும் அடைபடும்.

நீதிமன்றங்கள் இதில் என்ன கூறின? ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் தீர்மானத்தைச் செய்யும் அதிகாரம் சட்டத்தால் அளிக்கப்படவேண்டும், நிலையியற் கட்டளை போதாது என்று 2013 ஜனவரி 1 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதனையொட்டித் தெரிகுழுவின் அறிக்கையை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7 ஆம் நாள் இரத்துச் செய்தது. பாராளுமன்றமோ அதைப் பொருட்படுத்தாது, 11 ஆம் நாள் 155 வாக்குகளால் பிரேரணையை நிறைவேற்றிற்று, எதிர்த்தவை 49. 2014 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் முந்திய நிலைப்பாட்டைப் புறந்தள்ளியது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அவ்வம்மையார் ஒருநாட் பொழுதுக்குப் பதவியில் மீள அமர்ந்து ஓய்வு பெற்றார். ஒரு சனாதிபதியின் பேனா நீக்கிற்று. இன்னொரு சனாதிபதியின் பேனா மீட்டது. இரண்டிற்கும் இடையில் சட்டம் எங்கே நின்றது?

வழி இல்லாமற் போகவில்லை. பொலிஸ் மா அதிபரையும் சட்டமா அதிபரையும் நீக்குவதற்கு 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன்படி உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் அமைந்த குழு விசாரித்து அறிக்கையிட்ட பின்னரே, 2025 ஆகஸ்ட் 5 ஆம் நாள் பொலிஸ் மா அதிபர் ஒருவரை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவிலும் 1968 ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதிமாருக்கு எதிரான விசாரணையை இரு நீதிபதிகளும் ஒரு சட்ட வல்லுநரும் கொண்ட குழுவிடம் ஒப்படைத்திருக்கின்றது. பொலிஸ் அதிபருக்குக் கிடைத்த நியாயம் பிரதம நீதியரசருக்கு மறுக்கப்பட்டது எந்த நீதியின்பாற்பட்டது?

நீதியரசர்கள் விசாரணைக்கு அப்பாற்பட்டவர்கள் என்று நாம் வாதிடவில்லை. தவறிழைத்தவர் எவராயினும் விலகவே வேண்டும். விசாரிப்போர் நடுநிலையாளராதல் வேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டுவோர்மேல் இருத்தல் வேண்டும். எதிர்வாதத்திற்குப் போதிய காலம் அளித்தல் வேண்டும். இவை மூன்றும் சட்டத்தில் எழுதப்படவேண்டும் என்பதே எமது கோரிக்கை. எமது பிரதிநிதிகள் இதனைச் சபையில் ஓயாது வற்புறுத்துவாராக. சிறப்புரிமை மக்களின் கேடயம். அதனை வாளாக்கி நீதியின்மேல் வீசுவதற்கு மக்கள் எவருக்கும் ஆணை வழங்கவில்லை.