கூடுவாஞ்சேரியின் சொத்துக் கணக்கு

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டினால் போதும், மனை விளம்பரங்கள் வரிசையா ஆரம்பிச்சுடும். கூடுவாஞ்சேரி மனைன்னா வாசகம் எனக்கு மனப்பாடம். வண்டலூர் உயிரியல் பூங்கா 10 நிமிடம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 10 நிமிடம், பொத்தேரி பல்கலைக்கழகம் 5 நிமிடம். சில பேர் வேடந்தாங்கலையும் விடுவதில்லை. (அது மதுராந்தகம் பக்கம் சாமி!) எந்த நேரத்துல, எந்த வண்டியில அந்த 10 நிமிடம்னு மட்டும் யாரும் போடறதில்லை.

பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு இதுல ஒரு கோளாறு தெரியும். இதெல்லாம் அடுத்தவர் சொத்து. 1855-ல் சென்னையில் தொடங்கி 1985-ல் வண்டலூர் காட்டுக்கு மாறி வந்த மிருகக்காட்சி சாலை, 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் நிலையம், எல்லாத்தையும் நம்ம ஊர் ஐந்தொகையில சொத்துப் பக்கம் எழுதிட்டு விலையை ஏத்தறாங்க. ஊருக்கே சொந்தமான சொத்து எதுன்னு கேட்டா பதில் வராது.

சொந்த சொத்து இருக்கு. ஊரின் முழுப்பெயரே நந்திவரம்-கூடுவாஞ்சேரி. நந்திவரத்துல பழைய நந்தீஸ்வரர் கோவில் இருக்கு, பெரிய ஏரி இருக்கு. அந்த ஏரியை எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. ஏன்னா ஏரின்னு சொன்னாலே வாங்க வந்தவர் அடுத்து வெள்ளத்தைப் பத்திக் கேட்பார்.

கேட்கவும் வேணும். இந்தப் பக்கத்து ஏரிகள் ஒண்ணோட ஒண்ணு கோத்த மாதிரி. ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்குப் போகும், கடைசியில் அடையாற்றில் சேரும். அடையாறு தொடங்குவதாகச் சொல்லப்படும் ஆதனூர் ஏரியும் பக்கத்துலதான். சைதாப்பேட்டையில பாலத்துமேல நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு பார்க்கிறோமே, அதே ஆறு! கலங்கல் வழியா வர்ற தண்ணி போகிற வாய்க்கால் மேல மனை போட்டா அந்தத் தண்ணி எங்கே போகும்? 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டது ஞாபகம் இருக்கும். அந்த இடங்கள் இதே ஆற்றின் வழியில் இருப்பவைதான்.

ஊர் வளர்வது எனக்குப் பிடிக்காம இல்லை. 2011 கணக்கெடுப்பில் சுமார் 44 ஆயிரம் பேர் இருந்த பேரூராட்சி, 2021-ல் நகராட்சி ஆச்சு. தாம்பரம் - செங்கல்பட்டு மூன்றாவது ரயில் பாதை 2022-ல் வந்தது. ஆனாலும் பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் நிறைய வண்டி தாம்பரத்தோடு நின்னுடும், நம்ம ஆட்கள் அங்கே அடுத்ததுக்குக் காத்திருக்கணும். இந்தக் காத்திருப்பு அந்த 10 நிமிட கணக்கில் சேர்த்தியா? தெரியலை.

என் கட்சி இதுதான்: ஊர் விலை ஏறுவதில் ஒரு பங்கு அந்த ஏரிக்கும் வாய்க்காலுக்கும் போகணும். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது வாங்குற கட்டணத்துல ஒரு பகுதியைத் தனியா எடுத்து வச்சு, தூர் வாரவும் கலங்கல் வழியைத் திறந்து வைக்கவும் மட்டும் செலவு பண்ணட்டும். இயந்திரத்துக்குத் தேய்மான நிதி வைக்கிறோம், ஏரிக்கு வைக்கக் கூடாதா? கரையில நாலு பெஞ்சும் ஒரு நடைபாதையும் போட்டா ஊருக்குன்னு போக ஒரு இடமும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனா வண்டலூருக்கோ மாமல்லபுரத்துக்கோதான் ஓடணும்கிறது இல்லை.

அதுவரைக்கும், இங்கே மனை பார்க்க வர்ற நண்பர்களுக்கு ஒரே யோசனை. ஏப்ரல், மே வெயிலில் ஏஜென்ட் கார்ல வந்து பார்க்காதீங்க. நவம்பர்ல, மழை பிடிச்ச ரெண்டாவது நாள், மின்சார ரயில்ல வாங்க. கூடுவாஞ்சேரியில இறங்கி அந்த மனை வரைக்கும் நடந்து போங்க. போற வழியில தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் பார்த்துட்டு, அப்புறமா அட்வான்ஸ் கொடுங்க.