கசிவும் காரணமும்

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுகிறவர்களுக்கு, இரவெல்லாம் அங்கே நின்ற வாகனத்தின் ஆரோக்கியம் அதன் சொந்தக்காரனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. "கோலப்பொடி ஒட்ட மாட்டேங்குது, இந்த வண்டிக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று என் மனைவி சொன்ன பிறகே, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில், காரின் முன்சக்கரத்துக்குச் சற்று உட்புறமாகப் படிந்திருந்த கறையை நான் குனிந்து பார்த்தேன். என்ஜின் ஆயிலின் கருமை அதில் இல்லை. தொட்டால் விரலில் கெட்டியாக இழுபட்டது. முகர்ந்தால் கந்தக நெடி வீசியது. பற்சக்கரங்களின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகச் சேர்மானம் கலக்கப்பெற்ற கியர் ஆயிலுக்கே உரிய நெடி அது. கியர் பாக்ஸின் பக்கவாட்டில், டிரைவ் ஷாஃப்ட் நுழையும் வாயிலில் இருக்கிற ஆயில் சீல் தளர்ந்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

விலையில் அற்பமான அந்த வளையம் செய்கிற காரியம் அற்பமானதன்று. மாட்டுவண்டிக் காலத்தில் அச்சில் இட்ட மசகு வழிவதை எவரும் பழுதென்று கருதியதில்லை. வழிய வழிய மீண்டும் இடுவதே வழக்கமாக இருந்தது. சுழலும் தண்டைத் தடையின்றிச் சுழலவிட்டு, அதே சமயம் உள்ளிருக்கும் எண்ணெயை வெளியேறாமல் காக்கும் யுக்தி கைகூடிய பிறகே, கசிவு என்பது குற்றமாயிற்று. ஜெர்மனியில் வைன்ஹைம் நகரத்துத் தோல் பதனிடும் நிறுவனமான ஃப்ராய்டன்பெர்க்கில், வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் 1930-களின் தொடக்கத்தில் இந்த வளையத்தைச் செம்மையாக உருவாக்கினார்; ஆதியில் தோலாக இருந்த அதன் உதடு பிற்பாடு செயற்கை ரப்பராயிற்று. எஃகுக் கூடு ஒன்று, அதில் பதித்த ரப்பர் உதடு, அந்த உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில், இவ்வளவே அதன் சரீரம். வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து ரப்பர் விறைத்துப்போனால் அணைப்பு தளர்கிறது. எண்ணெய் வெளியே வருகிறது.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலந்தொட்டு, யந்திரத்தோடு பழகிய கைகளுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. எங்கள் தெருவிலேயே, பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். புதுச் சீலைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் யோசனை கேட்டபோது, "சீல் மாத்துறது பெருசில்ல தம்பி, முதல்ல பிரீதர் அடைச்சிருக்கான்னு பாருங்க" என்றார். கியர் பாக்ஸ் சூடேறும்போது உள்ளே விரிகிற காற்று வெளியேறுவதற்கென்று மேலே அமைந்த சிறு துவாரம் அது. சேறும் புழுதியும் அதை மூடிவிட்டால், விரிந்த காற்று எண்ணெயைச் சீலின் மேல் நெருக்குகிறது. அந்நிலையில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் அத்தனையும் கசியும். நோய்முதல் நாடாமல் மருந்திடுவதன் வியர்த்தத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வேலையின் முறை கடினமானதன்று, வரிசைதான் முக்கியம். பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன்பு, புது எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், வடித்த பின் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கையின் பால் ஜாயிண்டை விடுவித்து, ஷாஃப்டை நெம்பி வெளியே எடுத்து, அது அமர்ந்திருந்த உலோகக் குழியில் கீறல் விழாதபடி பழைய சீலைத் தோண்டியெடுக்க வேண்டும். புதிதின் சுருள்வில் தெரியும் முகம் எண்ணெயை நோக்கியிருக்க, உதட்டில் கியர் ஆயில் தடவி, சீலின் விளிம்பளவே அகலமுள்ள பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றை மேலே வைத்து, கோணாமல் சுற்றிலும் சிறுகச் சிறுகத் தட்டி இறக்க வேண்டும். ஷாஃப்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால், சீலை அணுவளவு முன்பின்னாக அமர்த்திப் புது உதட்டுக்குத் தேயாத இடத்தைக் கொடுப்பது அநுபவஸ்தர்களின் உபாயம்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். கை துடைக்கக் கழிவுப் பஞ்சு தாராளமாகக் கிடைக்கும் ஊர் இது. ஆனால் சீல் அமரும் இடத்தில் அந்தப் பஞ்சு ஆகாது. உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே ஒரே ஓர் இழை சிக்கினாலும் அதன் வழியே எண்ணெய் ஊறி வெளியே வரும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பாண்டேஜ் துணிகூட நூல் உதிர்க்குமென்று, பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டிக் கிழிசலைத்தான் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் நிற்கும் குளிர்ந்த வண்டியைப் பார்த்து, கசிவு நின்றது என்று தீர்மானிப்பது அவசரம். எண்ணெய் சூடேறி இளகும்போதுதான் சீலின் யோக்கியதை வெளிப்படும். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் போய், பதினொரு நிலைக் கோபுரம் தெரியும் ஓர் ஓரத்தில் நிறுத்தி, அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்துவிட்டுப் பால்கோவா வாங்கப் போனோம். ஆண்டாளையும் சேவித்துத் திரும்பியபோது அட்டை அட்டையாகவே இருந்தது.

இவ்வேலையை வீட்டில் செய்ய விரும்பும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. உறுதியான ஸ்டாண்டு கொடுக்காமல் ஒருநாளும் அடியில் புகாதீர்கள். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சாக்கடைகள் போய்ச் சேருமிடம் நம் கண்மாய்களே. மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.